யானைக்கு நாலில் ஒன்று, சரக்குக்குப் பாதி

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கல்லொன்று இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். கோயிலில் நிற்கும் கல் என்றதும் நிவந்தமோ நந்தாவிளக்கோ என்று எண்ணத் தோன்றும். இந்தக் கல் பேசுவது துறைமுக விவகாரம்.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும்; அவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கவேண்டும் என்கிறது ஆணை. அடுத்து உடைந்த கப்பல்களுக்கு வருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. ஏன் இந்த வேறுபாடு? காரணத்தையும் அரசனே சொல்லிவிடுகிறான்: யானையிலும் குதிரையிலும் அவனுக்கு விருப்பம்.

விருப்பம் என்ற சொல்லுக்குள் ஒரு படையே நிற்கிறது. யானை வியாபாரத்தில் பர்மிய அரசன் முட்டுக்கட்டை போட்டான் என்பதற்காகப் பராக்கிரமபாகு அந்த நாட்டின்மீது கடற்படை அனுப்பியதாகச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் அவன் கப்பல் கட்டுவித்துப் படை திரட்டியதைச் சோழர் கல்வெட்டு ஒன்றும் குறிப்பிடுகிறது. யானை விற்கக்கூடிய சரக்கு. போருக்குப் போகக்கூடிய ஆயுதமும்கூட. எந்தப் பக்கத்தைப் பார்த்து அதை எண்ணுவது என்று பொலன்னறுவை முடிவு செய்தது, அந்த முடிவு யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் கல்லில் ஏறியது. இன்று சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்துவோர் செய்யும் வேலையின் கரு முழுவதும் இந்த நாலைந்து வரியில் இருக்கிறது: பொருளைப் பார், அதன் பயனைப் பார், எந்தப் பயன் முதன்மை என்று தீர்மானி, அதற்கேற்ற பங்கை எடு.

ஐந்து நூற்றாண்டு கழித்து யானை எதிர்த்திசையில் போனது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள்; அவர்களிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடந்து வந்தன, ஊர்காவற்றுறையில் கப்பலேறின. வாங்குவோர் வங்காளம், கோல்கொண்டா போன்ற இடங்களிலிருந்து வந்த வணிகர். ஒல்லாந்தக் கம்பனி யானையை முழத்தால் அளந்தது. உயரத்துக்கு ஒரு விலை, கொம்பன் என்றால் மேலும் ஒரு விலை, உடலில் குறை இருந்தால் கழிவு. பராக்கிரமபாகுவுக்கு யானை படையின் உறுப்பு. கம்பனிக்கு அது நாலுகால் சரக்கு. விலங்கு மாறவில்லை, பட்டியல் எழுதுகிறவர் மாறிவிட்டார்.

கம்பனியின் பட்டியல் யானையோடு நிற்கவில்லை. தலைவரி, நிலவரி, அதிகாரி வரி, ஊழியம் என்று மனிதரையே அது வகுத்து வைத்திருந்தது. யாழ்ப்பாண வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்று 1707இல் எழுதிக் கொடுத்த கிளாஸ் ஐசாக்ஸ் கம்பனியின் திசாவை என்ற அதிகாரி என்பதையும் இந்த இடத்தில் நினைக்கலாம். சொத்தையும் சீதனத்தையும் முதுசத்தையும் எந்தப் பெட்டியில் போடுவது என்பதும் அந்தக் காலத்தில் எழுத்தில் ஏறியது. துணிக்கு முத்திரை வேண்டும், முத்திரைக்குத் தீர்வை வேண்டும். சாயவேர் தோண்டியவர்கள் அதைக் கம்பனிக்கே, கம்பனி சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும். சுங்கம் வசூலிக்கும் உரிமையையும் கம்பனி குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவன் போட்ட காசை மீட்கப் பார்ப்பான் அல்லவா, அவன் கண்ணுக்கு எந்தப் பொருளும் விலை கூடிய வகையைச் சேர்ந்ததாகவே தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தாரின் மடியில் நேரே கைவைத்த வரி புகையிலை வரி.

குடாநாட்டுச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த இலை அது. பறித்து, குடிலில் தொங்கவிட்டு, பொச்சுமட்டைப் புகை ஊட்டி, பாடம் போட்டு, சிப்பம் கட்டி அனுப்பினார்கள். வெற்றிலையோடு போடும் இலை பெரும்பாலும் மலையாளக் கரைக்கு, முக்கியமாகத் திருவிதாங்கூருக்குப் போனது. சுருட்டுக்கு உரிய இலை கோடா போடப்பட்டு, சுருட்டுக் கொட்டில்களில் சுற்றப்பட்டு, தென்னிலங்கைக் கிராமங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக்கடைகளுக்குப் போனது. ஒரே தோட்டம், இரண்டு கடல்வழி, இரண்டு பழக்கம். கமக்காரனுக்கு மலையாளச் சந்தை எவ்வளவு பெரிதென்றால், திருவனந்தபுரத்தில் ஒரு தீர்வை கூடினால் வலிகாமத்தில் கல்யாணம் தள்ளிப்போகும்.

திருவிதாங்கூரில் புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்தது. யாழ்ப்பாணத்து இலையை அரசு வாங்கும், அரசே விற்கும், இடையில் வரும் இலாபம் கருவூலத்தின் பெரிய தூண்களில் ஒன்று. அந்த இலாபத்தைப் பார்த்த இலங்கைப் பிரித்தானிய அரசும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்திலிருந்து புகையிலை வியாபாரத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றது. அந்தனி பெர்டோலாச்சி 1817இல் இலங்கைப் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில் யாழ்ப்பாணப் புகையிலைக்கும் திருவிதாங்கூர் அரசருக்கும் இருந்த இந்தக் கொடுக்கல் வாங்கலை விரிவாகவே பேசுகிறார். வாங்குகிறவனும் தனியொருவன், விற்கிறவனும் தனியொருவன் என்று இரண்டு அரசுகள் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் காய்வது யார் என்று சொல்லத் தேவையில்லை.

திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், திருவிதாங்கூர் ஏகபோகத்தைக் கைவிட்டு இறக்குமதித் தீர்வைக்கு மாறியது. அதற்குப் பிறகு புகையிலை என்ற ஒற்றைச் சொல் போதவில்லை. யாழ்ப்பாண இலையா, கோயம்புத்தூர் இலையா, திருநெல்வேலி இலையா என்பது கேள்வியானது. சுங்கக்காரன் இலையை முகர்ந்து ஊரைச் சொல்லவேண்டிய நிலை. தீர்வை விகிதத்தில் ஒரு மாற்றம் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து மனுப் போகும், தூது போகும். 1930களில் மலையாளச் சந்தைக்கென்றே புகையிலை விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் யாழ்ப்பாணத்தில் உருவானதற்கு இந்த நிச்சயமின்மையும் ஒரு காரணம். திருவிதாங்கூரும் கொச்சியும் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகும் வழக்கு ஓயவில்லை. 1950 ஏப்ரலில் மத்திய கலால் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்ததும் பழைய சமஸ்தானப் புகையிலை விதிகள் செல்லுமா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரள அரசு பழைய வசூலுக்கு ‘சொகுசு வரி’ என்று புதுப் பெயர் சூட்டி 1964இல் சட்டம் செய்தது. புகையிலை சொகுசுப் பொருள்தான் என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வெயிலில் நின்று தண்ணீர் இறைத்தவனைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

இலங்கைக்குள் சுங்கத்தின் எலும்புக்கூடு 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். திருத்தங்கள் எத்தனை வந்தாலும் இன்றும் அதுவே. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்று குடாநாட்டின் கரை முழுக்கத் துறைகள். அந்தக் கரையின் மாலுமிகளுக்குப் பாக்கு நீரிணை வீட்டு முற்றம். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கையும் இந்தியாவும் இறக்குமதிக் கட்டுப்பாட்டை இறுக்க, அதே கடலறிவு கள்ளக்கடத்தல் என்ற புதுப் பெயரைப் பெற்றது. முன்தினம்வரை வியாபாரமாக இருந்தது மறுநாள் குற்றமானது சட்டப் பக்கத்தில். கரையில் படகும் ஆளும் அதேதான்.

1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியை ஏறக்குறைய மூடியது. நாடு முழுக்கப் பாண் வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கல்வீடு கட்டினான். 1977இல் கதவு திறந்தது, விலை விழுந்தது. இன்றும் பெரிய வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொழும்பு விசேட பண்ட வரியை ஏற்றினதா இறக்கினதா என்று அறுவடைக் காலத்தில் குடாநாட்டுக் கமக்காரர் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த அனுபவத்தின் தொடர்ச்சி.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘பட்டியல்’ என்றால் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் வருவது வேறொன்று. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. இந்தப் பட்டியலை எழுதியது சுங்கத் திணைக்களம் அல்ல, பாதுகாப்பு அமைச்சு. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் என்று நீண்டது வரிசை. பராக்கிரமபாகுவின் கேள்வியே திரும்ப வந்தது: ஒரு பொருளுக்கு இரண்டு பயன் இருந்தால் எதை எண்ணுவது? பசளை மரவள்ளிக்கும் வெங்காயத்துக்கும் போடுவது, வெடிமருந்துக்கும் போகக்கூடியது. பற்றரி றேடியோவில் செய்தி கேட்க உதவும், கண்ணிவெடியிலும் உதவும். சீமெந்தால் கிணறும் கட்டலாம், பதுங்குகுழியும் கட்டலாம். போருக்கு உதவக்கூடியது என்ற ஒற்றை வரையறைக்குள் பொருள் விழுந்தால், அதை வைத்திருப்பவர் பள்ளிக்கூடப் பிள்ளையா போராளியா என்ற கேள்வி எழவேயில்லை. இந்த அளவுகோலைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் ஊசிநூலும் தப்பாது. சவர்க்காரம் எந்தக் களத்தில் போரிட்டது என்று இன்றுவரை யாழ்ப்பாணத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலை மக்கள் தங்கள் பாட்டில் திருத்தி எழுதினார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அதன் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பாட்டும் செய்தியும் கேட்டார்கள். பனங்காய்க் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். அச்சுத்தாள் இல்லாமல் பத்திரிகைகள் கையில் கிடைத்த தாளில், சிலவேளை கோடு போட்ட கொப்பித் தாளில்கூட, வந்தன. சுங்க விதிப்படி பார்த்தால் சைக்கிள் போக்குவரத்து வாகனம். அந்த ஐந்து ஆண்டு அது மின்சார நிலையமும்கூட. பொருளின் முதன்மைப் பயன் எது என்பதைத் தொழிற்சாலையும் அரசும் தீர்மானித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

1994 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்க அரசு பல பொருள்களை விடுவித்தது. மறு ஆண்டே மீண்டும் போர். 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. அரசியல் பேசுவோர் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை; வகைப்படுத்தலில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது ஒரு புதையல். போர் சாராத பொருள்கள் எல்லாம் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, போகக்கூடாதவற்றை அது எண்ணுகிறது: வெடிபொருள், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள், முட்கம்பி, தொலைநோக்காடி, திசையறி கருவி, பென்லைட் பற்றரி. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பிக்கு அளவும் நடைமுறையும் தனி. இரண்டு தரப்பும் நோர்வேயின் துணையோடு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில் விரல் பருமன் பற்றரிக்கு ஒரு வரி கிடைத்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பில் சுங்கம் கட்டி வந்த பொருள் ஓமந்தை தாண்டியதும் விடுதலைப் புலிகளின் வரிப் பிரிவான ஆயப்பகுதிக்கும் வரி கட்டியது. அங்கும் பொருளுக்குப் பொருள் விகிதம் வேறு. ஒரே நாட்டுக்குள் ஒரே லொறி இரண்டு அட்டவணைகளைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர, மூன்றாவதாக விலையைக் கூட்டுவது கடைக்காரரின் பொறுப்பானது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கியதும் வீதி மூடியது.

இன்று யாழ்ப்பாணக் கச்சேரியைச் சுற்றியுள்ள போட்டோக் கொப்பிக் கடைகளில் நிற்கும் பெட்டிக்கு இந்தப் பழைய கதையோடு நெருங்கிய உறவு உண்டு. அச்சடிக்கும், நகலெடுக்கும், ஸ்கான் பண்ணும், சில வகைகள் தொலைநகலும் அனுப்பும். சுங்கத்துக்கு இது என்ன? கணினியின் உறுப்பா, நகலெடுக்கும் இயந்திரமா, தொலைத்தொடர்புக் கருவியா? உலகச் சுங்க நிறுவனத்தின் ஒத்திசைவு முறை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி அதன் ஆறு இலக்கக் குறியீட்டில்தான் நடக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மை வேலையை வைத்து வகைப்படுத்து என்று அதன் 16ஆம் பிரிவின் 3ஆம் குறிப்பு சொல்கிறது. முதன்மை எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பொருந்தக்கூடிய தலைப்புகளில் இலக்க வரிசையில் கடைசியாக வருவதில் போடு என்கிறது அந்த முறையின் பொதுவிதி. கேட்க எளிது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெட்டிக்கு நிமிடத்துக்கு 12 பக்கம் என்று ஒரு கோடு போட்டது. அதைவிட வேகமாக நகலெடுத்தால் அது நகலெடுக்கும் இயந்திரம், 6 வீதத் தீர்வை. மெதுவாக எடுத்தால் கணினிச் சாதனம், தீர்வை இல்லை. அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 2010 ஆகஸ்டில் நடுவர் குழு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத்தில் இதே பெட்டி பற்றிய ஜெராக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழக்கு முடிவுக்கு வந்தது. 8471.60 என்ற கணினிச் சாதன உபதலைப்பில் வருகிறது என்றது நிறுவனம். தனி வேலை செய்யும் பிற இயந்திரங்களுக்கான 8479.89 என்றது சுங்கத்துறை. பாகங்களிலும் செலவிலும் பெரும்பங்கு அச்சடிப்புக்கே போகிறது என்பதை எடைபோட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2007இல் வந்த ஒத்திசைவு முறைத் திருத்தம் அதற்கு முன்பே இந்தக் கூட்டு இயந்திரங்களுக்கு 8443.31 என்று சொந்த வீடு கொடுத்துவிட்டிருந்தது. நீதிமன்றங்கள் பழைய இறக்குமதிகளுக்காக வாதாடி முடித்தபோது பொருள் வேறு முகவரிக்குக் குடிபோய்விட்டது.

சொந்த வீடு கிடைக்கும் வரை பொருள் அலையத்தான் வேண்டும். தொலைபேசி, கமரா, கணினி மூன்றும் ஒன்றான ஸ்மார்ட்போனுக்குத் தனி உபதலைப்பு 2022 திருத்தத்தில்தான் வந்தது. அதே திருத்தம் ட்ரோனுக்கு 8806 என்ற தலைப்பைக் கொடுத்தது. அதற்கு முன் கமரா பூட்டிய சிறிய ட்ரோனை உலகச் சுங்க நிறுவனத்தின் குழு பறக்கும் ஊர்தியாக எண்ணாமல் கமராவாக எண்ணியது. இப்போது நல்லூர்த் திருவிழாவில் தேரை மேலிருந்து படம்பிடிக்கவும் ட்ரோன் வேண்டும், வயலுக்கு மருந்தடிக்கவும் வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் ட்ரோன் பறப்பது சில காலம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பலாலி விமான நிலையம் அந்த ஆண்டு ஒக்டோபரிலும், காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமான கப்பல் சேவை 2023 ஒக்டோபரிலும் திறந்தபின் குடாநாட்டிலேயே சுங்க மேசைகள் மறுபடி வந்திருக்கின்றன. அங்கு பொதியில் ஒரு ட்ரோன் வந்தால் தீர்வை எவ்வளவு என்று 8806 சொல்லும். அதை வெளியே கொண்டுபோக அட்டவணை போதாது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.